எகிப்தின் தஹ்ஷூரில் அரசர் ஸ்னெஃபெருவின் பிரமிடு பாதியில் வளைந்தது ஏன்?

முக்கியக் காரணம் அடித்தளம். கீசாவின் பெரிய பிரமிடைக் கட்டிய கூஃபுவின் தந்தையான ஸ்னெஃபெரு, சுமார் கி.மு. 2600இல் எகிப்தின் நான்காம் அரசமரபைத் தொடங்கியவர். மெய்தூமில் படிப் பிரமிடு எழுப்பிய பிறகு தஹ்ஷூருக்கு வந்தார். அங்கே தேர்ந்த இடம் சரளையும் களிமண்ணும் கலந்த தரை. அடியில் உறுதியான பாறை இல்லை.

முதலில் சுமார் 60 பாகைச் சரிவில் கட்டினார்கள். எடை ஏற ஏறத் தரை அமிழ்ந்து, உள்ளறைகளில் விரிசல் விழுந்தது. சுற்றிலும் கல் சேர்த்து அடியை அகலமாக்கி, சரிவை ஏறத்தாழ 54 பாகைக்குக் குறைத்தார்கள். அதுவும் போதவில்லை. படிப் பிரமிடுகளின் வழக்கப்படி கற்களை உள்நோக்கிச் சாய்த்து அடுக்கியிருந்ததால் அழுத்தம் உள்ளறைகள் மேலேயே விழுந்தது. ஆகவே சுமார் 47 மீட்டர் உயரத்தில் சரிவை 43 பாகையாக்கி, அதற்கு மேல் கற்களைக் கிடைமட்டமாக வைத்தார்கள். மேலறைச் சுவர்கள் நெருங்காமலிருக்கக் குறுக்கே கொடுத்த தேவதாரு உத்தரங்கள் இன்றும் உள்ளே நிற்கின்றன. இவர் காலத்தில் 40 கப்பல்களில் தேவதாரு மரம் வந்ததாக, பண்டைய எகிப்திய அரசர்களின் ஆண்டுக் குறிப்புகள் பொறித்த பலெர்மோ கல் சொல்கிறது.

இதைத் தோல்வி என்று எழுதுவது அநியாயம். பிரமிடு சாயாமல் சுமார் 105 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. வெளிப்புறத்தைப் போர்த்திய வழவழப்பான கற்களும் பெரும்பாலும் அப்படியே உள்ளன. கற்ற பாடத்தை வடக்கே ஸ்னெஃபெருவின் அடுத்த பிரமிடான செம்பிரமிடில் பயன்படுத்தினார்கள்: 220 மீட்டர் அடி, தொடக்கத்திலிருந்தே 43 பாகை, கிடைமட்ட அடுக்கு. எகிப்தில் சரிவு மாறாமல் முழுமையடைந்த முதல் பிரமிடு அதுதான்.