பழைய ரெட் ஒன் கேமரா மலிவாக வருகிறது, வாங்கலாமா?

கேள்வி: அண்ணே, குளச்சல் பக்கம் கல்யாண வீடியோ எடுத்துப் பிழைப்பவன் நான். எங்கள் கடற்கரையில் கரமடி வலை இழுப்பவர்களை வைத்து ஓர் ஆவணப்படம் எடுக்க ரொம்ப நாளாக ஆசை. சென்னையில் ஒருவர் தன்னுடைய ரெட் ஒன் எம்எக்ஸ் கேமராவை, ஒரு சாதாரண மிரர்லெஸ் கேமராவின் விலைக்குத் தருகிறேன் என்கிறார். ரெட் கம்பெனியைத் தொடங்கியவர் ஓய்வு பெற்றபோது ஊர் ஊராக ஒளிப்பதிவாளர்கள் அவருக்கு நன்றி சொன்னதைப் படித்திருக்கிறேன். அப்படி அவர் என்னதான் செய்தார்? அந்தக் கேமரா என் படத்துக்குச் சரிப்படுமா?

பதில்: வாங்க வேண்டாம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடுத்த சில பத்திகளில் அந்தக் கேமராவையும் அதைக் கொண்டுவந்தவரையும் நான் புகழப் போகிறேன்; அதைப் படித்துவிட்டு நீங்கள் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் ஏறிவிடக் கூடாது.

ரெட்டைத் தொடங்கிய ஜிம் ஜனார்ட் சினிமாக்காரர் இல்லை. 1975-இல் கலிஃபோர்னியாவில் வீட்டு கராஜில் மோட்டார் சைக்கிள் கைப்பிடி ரப்பர் செய்து விற்கத் தொடங்கியவர். அதுதான் பிறகு ஓக்லி என்ற கூலிங் கிளாஸ் கம்பெனியாக வளர்ந்தது. 2007-இல் இத்தாலியின் லக்ஸோட்டிகா அதைச் சுமார் 210 கோடி டாலருக்கு வாங்கியது. கேமராக்களின் மேல் தீராத பித்து உள்ள மனிதர். 2005-இல் ரெட் கம்பெனியைத் தொடங்கி, 2006 ஏப்ரலில் லாஸ் வேகாஸ் கண்காட்சியில் கடை விரித்தார். காட்டுவதற்கு ஓடுகிற கேமரா அப்போது கையில் இல்லை. ஆனாலும் 1,000 டாலர் முன்பணம் கட்டிப் பலர் பெயர் பதிந்தார்கள். கண்ணாடி விற்கிறவருக்கு இதெல்லாம் எதற்கு என்று துறைக்குள் கேலியும் நடந்தது. 2007 ஆகஸ்ட் கடைசியில் முதல் கேமராக்கள் கைக்கு வந்தன.

அன்றைக்கு நம் பக்கத்தில் ஒரு கேமராமேனிடம் என்ன இருந்தது என்று பார்த்தால்தான் இதன் அருமை புரியும். 35 எம்எம் ஃபிலிம் என்றால் 1,000 அடி கேன் ஒன்றுக்கு 11 நிமிடம்தான். முட்டத்தில் எடுத்த நெகட்டிவ் சென்னைக்குப் போய், பிரசாத் லேபிலோ ஜெமினி லேபிலோ கழுவி, ரஷ் போட்டு எடுத்ததைப் பார்க்கிற வரைக்கும் ஃபோகஸ் நின்றதா போனதா என்று யாருக்கும் தெரியாது. கரமடியை நினைத்துப் பாருங்கள்: கயிற்றின் ஒரு முனையைக் கரையில் கொடுத்துவிட்டு வள்ளம் வளைத்து வந்து, இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று மடி கரை ஏறும்வரை இழுக்க மணிக்கணக்கு ஆகும். அதை 35 எம்எம்-இல் எடுக்கச் சொன்னால் தயாரிப்பாளர் ஊரைவிட்டே ஓடிவிடுவார். மறுபக்கம் மினி டிவி (MiniDV) என்ற வீடியோ டேப் கேமரா இருந்தது. மலிவு, நம் ஆவணப்படக்காரர்களை வாழவைத்ததும் அதுதான், அதை மறந்துவிட்டு ரெட்டை மட்டும் தூக்கிப் பிடிப்பது நியாயமாகாது. ஆனால் அதில் படம் பிடிக்கும் சில்லு, அதாவது சென்சார், சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. முன்னால் நிற்கிற முகமும் பின்னால் நிற்கிற தென்னையும் ஒரே கூர்மையில் விழும். இரண்டுக்கும் நடுவே சோனி ஹெச்டி கேமராக்கள் இருந்தன. தனி ஆள் வாங்க முடியாத விலை. பானாவிஷனின் ஜெனிசிஸை விலைக்கே தரமாட்டார்கள், வாடகைக்கு மட்டும்தான்.

இந்த இடைவெளியில்தான் ரெட் ஒன் வந்து நின்றது. கேமரா மட்டும் 17,500 டாலர், அன்றைய கணக்கில் சுமார் 7 லட்சம் ரூபாய். சுங்க வரி, லென்ஸ், பேட்டரி எல்லாம் தனி. சென்சார் சூப்பர் 35 அளவு, அதாவது ஃபிலிம் கேமராவின் ஃபிரேம் அளவு. லென்ஸ் மாட்டும் வாய் சினிமாக்காரர்களின் பிஎல் மவுன்ட் என்பதால் வாடகைக் கடைகளில் ஏற்கெனவே இருந்த குக், ஸைஸ் லென்ஸ்களை அப்படியே மாட்டலாம். 4கே பதிவு. பீட்டர் ஜாக்சன் 2007-இல் இரண்டு மாதிரிக் கேமராக்களை வைத்துக்கொண்டு நியூசிலாந்தில் ஒரு முதல் உலகப்போர்க் குறும்படமே எடுத்துப் பார்த்துவிட்டார். ஸ்டீவன் சோடர்பெர்க் சே குவேராவின் வாழ்க்கையை எடுத்ததும் இதில்தான். தமிழிலும் 2009-இல் வந்த ‘அச்சமுண்டு! அச்சமுண்டு!’ ரெட் ஒன்னில் எடுத்த படம். படப்பிடிப்பு நடந்தது அமெரிக்காவில்.

ஆனால் நன்றி சொன்னவர்களுக்குள் தொழில்நுட்பம் தெரிந்தவர்கள் முக்கியமாக நினைத்தது சென்சாரை இல்லை, ரெட்கோட் என்ற அதன் பதிவு முறையை. சென்சாரில் விழுந்த வெளிச்சத்தின் அளவுகளை நிறம் கலக்காமல், கான்ட்ராஸ்ட் ஏற்றாமல் அப்படியே சேமிப்பதுதான் ரா பதிவு. சாதாரண வீடியோ கேமரா தானே நிறத்தை முடிவுசெய்து சமைத்து வைத்துவிடும். பச்சை மீனாக வீட்டுக்கு வந்தால் குழம்பு வைப்பதா பொரிப்பதா என்று அங்கே தீர்மானிக்கலாம். கருவாடாக வந்துவிட்டால் அந்த உப்பு உப்புதான். சிக்கல் என்னவென்றால் ரா பதிவு மலைபோல இடம் பிடிக்கும். 4,096-க்கு 2,304 புள்ளிகள், 12 பிட், நொடிக்கு 24 ஃபிரேம் என்று பெருக்கினால் நொடிக்குச் சுமார் 340 எம்பி. ஒரு மணி நேரத்துக்கு 1.2 டிபி. 1 டிபி ஹார்ட் டிஸ்க்கே சந்தைக்கு வந்தது அந்த 2007-இல்தான். ரெட்கோட் அதை வேவ்லெட் என்ற கணித முறையில் சுருக்கி நொடிக்கு 28 எம்பி-யில் அடக்கியது. ஒரு மணி நேரம் சுமார் 100 ஜிபி. 8 ஜிபி காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டில் நாலரை நிமிடத்துக்கு மேல். 400 அடி ஃபிலிம் சுருளும் ஏறக்குறைய அதே நேரம்தான் ஓடும் என்பதால் பழைய கேமராமேன்களுக்குக் கார்டு மாற்றுவது புதிதாகத் தெரியவில்லை.

இன்னொன்றும் உண்டு. கேமராவை வாங்கியவரை ஜனார்ட் அம்போ என்று விடவில்லை. பயனாளர்கள் இணையத்தில் கேட்டதற்கு முதலாளியே நேரில் வந்து பதில் சொன்னார், திட்டும் வாங்கினார். மேம்பட்ட மிஸ்டீரியம் எக்ஸ் சென்சார் வந்தபோது பழைய உடம்புக்குள்ளேயே அதைப் பொருத்தித் தந்தார்கள். உங்களுக்கு வருகிற கேமராவின் பெயரிலுள்ள எம்எக்ஸ் அதுதான். அதற்கு முன் எந்தப் பெரிய கேமரா கம்பெனியின் முதலாளியிடம் ஒரு சாதாரண கேமராமேன் வாக்குவாதம் செய்ய முடிந்தது? அந்த நன்றியில் பாதி இதற்காக என்று நான் நினைக்கிறேன்.

மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். கேமராவுக்குள்ளேயே சுருக்கிய ரா பதிவதற்கு ரெட் காப்புரிமை வாங்கி, அதைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக் காவல் காத்தது. 2019-இல் ஆப்பிள் அதை எதிர்த்துப் பார்த்தது, பலிக்கவில்லை. மற்ற கம்பெனிகள் சுற்றுவழி தேட வேண்டியிருந்தது; நம் கைக்கு மலிவு ரா வர வருஷக்கணக்கில் தாமதமானதற்கு இதுவும் ஒரு காரணம். ஜனார்ட் ஆசைப்பட்டுச் செய்த ஹைட்ரஜன் போனும் எடுபடவில்லை. 2019 அக்டோபரில், 70 வயதில், வயதையும் உடல்நிலையையும் சொல்லி விடைபெற்றபோது அந்தப் போன் திட்டத்தையும் மூடினார். கம்பெனியை அதன் தலைவர் ஜாரெட் லேண்ட் நடத்தினார். 2024-இல் நிக்கான் மொத்தமாக வாங்கிக்கொண்டது.

இந்தக் கடைசிச் செய்திதான் உங்களுக்கு முக்கியம். 2025-இல் நிக்கான் விட்ட இசட்ஆர் என்ற சின்னக் கேமரா, ரெட்டின் ஆர்3டி குடும்பத்து ரா ஃபைலையே பதிகிறது. 6கே, ஃபுல் ஃபிரேம், ஒரு கையில் அடங்கும். அறிமுக விலை அமெரிக்காவில் சுமார் 2,200 டாலர். ஜனார்ட் செய்ததன் பலன் இப்போது இந்த வடிவத்தில் கிடைக்கிறது. அதை விட்டுவிட்டு பழைய பெட்டியை எதற்குச் சுமக்க வேண்டும்?

சுமப்பது என்று தெரிந்தேதான் சொல்கிறேன். ரெட் ஒன் உடம்பு மட்டும் நாலரை கிலோ. லென்ஸ், ரிக், மானிட்டர், வி-மவுன்ட் பேட்டரி ஏறினால் பத்தைத் தாண்டும். மணலில் ஓட முடியாது, வள்ளத்தில் ஏறினால் உங்களுக்கும் ஆபத்து, துடுப்புப் போடுகிறவருக்கும் இடைஞ்சல். ஆன் செய்தால் தயாராக ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் மடி கரை ஏறி மீன் ஏலமே தொடங்கிவிடும். உள்ளே விசிறி ஓடும், கிட்டே வைத்துப் பேட்டி எடுத்தால் மைக்கில் அது கேட்கும். கெட்டுப்போனால் பாகம் தேடுவது பெரும்பாடு. கல்யாண வீட்டில் இதைத் தூக்கிக்கொண்டு போய் போட்ட பணத்தை எடுத்துவிடலாம் என்ற நினைப்பும் இருந்தால் விட்டுவிடுங்கள், மண்டப வெளிச்சத்துக்கு இது தோதுப்படாது.

உங்கள் வழி எளிது. கல்யாண வேலைக்கு இப்போது வைத்திருக்கும் கேமராவிலேயே படத்தின் பெரும்பகுதியை எடுங்கள். நிறத்தைப் பிறகு திருத்த இடம் விட்டுப் பதிகிற 10 பிட் லாக் பதிவு அதில் இருந்தால் போதும். ரா கட்டாயம் வேண்டும் என்று தோன்றுகிற காட்சிகள் சில இருக்கும்: விடியலில் வள்ளம் இறங்குவது, வெள்ளை நுரைக்கு எதிரே கருத்த உடம்புகள் கயிறு இழுப்பது. அதற்கு மட்டும் ஒரு சினிமா கேமராவை வாடகைக்கு எடுங்கள். சென்னையிலிருந்து வரவழைப்பதைவிடத் திருவனந்தபுரம் உங்களுக்குப் பக்கம். கேமராவோடு வருகிற அட்டெண்டருக்கு பேட்டாவும் சாப்பாடும் கணக்கில் சேருங்கள். மிச்சப் பணம் ஒலிக்குப் போகட்டும். நம் கடற்கரைக் காற்றில் கேமரா மைக்கை நம்பினால் கயிறு இழுப்பவர்கள் பாடுகிற அம்பாப் பாட்டு ஒரு சொல்கூடத் தேறாது. காற்றுத் தடுப்பு முடி போட்ட நல்ல பூம் மைக், இரண்டு காலர் மைக், தனி ரெக்கார்டர் வேண்டும்.

வெளிச்சம் பற்றி ஒரு எச்சரிக்கை. குளச்சல் கரை மேற்கையும் தென்மேற்கையும் பார்த்தது. மாலையில் சூரியன் கடல்மேல் இருக்கும், ஆட்கள் நிழலுருவாகத் தெரிவார்கள். முகம் வேண்டுமென்றால் காலைதான். எக்ஸ்போஷரை நுரைக்கு வையுங்கள், முகத்துக்கு வைக்காதீர்கள். இருட்டில் கிடப்பதை ரா ஓரளவு மீட்டுத் தரும். வெளுத்துப்போன நுரையை எந்த ராவும் மீட்டுத் தராது. வெளிச்சத்தைக் குறைக்க என்.டி. ஃபில்டர் போடும்போது இன்ஃப்ரா ரெட் தடுப்பும் சேர்ந்ததாகப் பாருங்கள். இல்லாவிட்டால் கறுப்பு பாலியஸ்டர் சட்டை செம்பழுப்பாகத் தெரியும். பழைய ரெட்டில் இது பெரிய தலைவலி.

காலம் பார்ப்பதும் முக்கியம். நம் மாவட்டத்தில் விசைப்படகுத் தடைக்காலம் இரண்டு: சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. பின்னணியில் விசைப்படகுகள் வேண்டுமா வேண்டாமா என்று முடிவுசெய்து தேதி வையுங்கள். ஜூன், ஜூலையில் கடல் கொந்தளித்து உப்புச்சாரல் லென்ஸை மூடும். டிசம்பர் முதல் மார்ச் வரை எடுப்பது எனக்கு உசிதமாகப் படுகிறது.

உப்பை உலர்ந்த துணியால் தேய்க்காதீர்கள், கண்ணாடியில் கீறல் விழும். முதலில் ஊதித் தள்ளி, நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றி எடுத்து, பிறகு உலர்ந்த துணி. கரையில் லென்ஸ் மாற்றவே மாற்றாதீர்கள், மணவாளக்குறிச்சி பக்கத்துக் கருமணல் என்றால் இன்னும் மோசம், லென்ஸ் வளையத்துக்குள் போனால் சர்வீஸுக்குத்தான் அனுப்ப வேண்டும். ஏசி அறையிலிருந்து வெளியே வந்ததும் பையைத் திறக்காமல் அரை மணி நேரம் வையுங்கள், பனி பிடிக்காது. அன்றன்றைய கார்டுகளை அன்றிரவே இரண்டு டிஸ்க்கில் ஏற்றி, இரண்டையும் வெவ்வேறு வீட்டில் வையுங்கள்.

இவ்வளவு சொல்லியும் அந்த ரெட் ஒன் மேல் ஆசை விடவில்லை என்றால், முன்பணம் கொடுக்காமல் நேரில் போய்ச் சோதியுங்கள். லென்ஸ் மூடியைப் போட்டு அரை மணி நேரம் ஓடவிட்டு, அந்தக் கறுப்பு ஃபுட்டேஜைக் கணினியில் வெளிச்சம் ஏற்றிப் பாருங்கள். கோடுகளோ அசையாத சிவப்பு, பச்சைப் புள்ளிகளோ தெரிந்தால், கேமராவே தன் கறுப்பைச் சரிசெய்துகொள்ளும் பிளாக் ஷேடிங்கை உங்கள் கண்முன்னே செய்யச் சொல்லி மறுபடி எடுத்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் இருந்தால் சென்சார் தளர்ந்துவிட்டது. விற்பவர் வெயிலில் எடுத்த அழகான கிளிப்பைக் காட்டுவார், அதை வைத்து எதுவும் முடிவுசெய்யாதீர்கள்.