குப்பைச் சாறு கிணற்றுக்கு வந்துவிட்டதா? கேள்வி பதில்

பதில் சொல்பவர்: தருமபுரியில் நிலத்தடி நீர் ஆய்வு செய்து ஓய்வு பெற்றவர்

பாலக்கோட்டிலிருந்து: சார், எங்கள் தோட்டத்துக்கு மேட்டுப் பக்கம் குப்பைக் கிடங்கு. ஒரு வருடமாக போர் தண்ணீர் மஞ்சளாக வருகிறது. சாறு எதுவரை வந்திருக்கிறது என்று தோண்டாமல் பார்க்க முடியுமா?

பெரும்பாலும் முடியும். அழுகிய குப்பை வழியாக மழைநீர் இறங்கும்போது உப்புகளைக் கரைத்துக்கொண்டு வரும். உப்புத் தண்ணீரில் மின்சாரம் சுலபமாக ஓடும். நான்கு இரும்புக் கம்பிகளை ஒரே கோட்டில் அடித்து, வெளிக் கம்பிகள் இரண்டில் மின்சாரம் செலுத்தி, உள் கம்பிகளில் மின்னழுத்தத்தை அளக்கிறோம். மண்ணும் பாறையும் மின்சாரத்தை எவ்வளவு தடுக்கின்றன என்பது, அதாவது மின்தடை, அதில் தெரியும்; அதை ஓம்-மீட்டர் கணக்கில் சொல்வோம். இடைவெளியைக் கூட்டக் கூட்ட ஆழத்துச் சேதி வரும். நம் பக்கம் நைஸ், சார்னோகைட் என்ற கடினப் பாறைகள். உடையாத பாறை 1000 ஓம்-மீட்டருக்கு மேல் காட்டும். அதன் மேல் கிடக்கும் சிதைந்த பாறை, நல்ல தண்ணீர் இருந்தால், 50 முதல் 200 வாக்கில் நிற்கும். சாறு புகுந்த இடத்தில் 10-க்குக் கீழேகூட இறங்கிவிடும். கோடையில் தரை காய்ந்து கிடந்தால் கம்பி அடியில் உப்புத் தண்ணீர் ஊற்றித்தான் அளப்போம். குடத்தோடு ஒருவர் கூடவே நடப்பார்.

காவேரிப்பட்டணத்திலிருந்து: களிமண்ணும் குறைவாகத்தான் காட்டும் என்கிறார் போர் பாயிண்ட் பார்க்க வந்தவர்.

சரியாகத்தான் சொல்கிறார். இந்த வேலையில் ஏமாறும் இடமே அதுதான். அதனால் கிடங்குக்கு மேட்டுப் பக்கம் ஒரு கோடு, பள்ளத்துப் பக்கம் இரண்டு கோடு அளக்கச் சொல்லுங்கள். மேட்டிலும் அதே எண் வந்தால் அது மண்ணின் குணமாக இருக்கலாம். மழைக்கு முன்னும் பின்னும் அளந்தால் இன்னும் நல்லது. களிமண் நகராது, சாறு நகரும். கம்பி வேலி, புதைத்த குழாய் பக்கத்தில் வந்த எண்ணை நம்பாதீர்கள்.

ஊத்தங்கரையிலிருந்து: எங்கள் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். குப்பையாலா?

இல்லை அம்மா, அது பெரும்பாலும் பாறையிலிருந்தே வருவது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். லிட்டருக்குச் சில மில்லிகிராம் ஃபுளோரைடை மின்தடைக் கருவி கண்டுகொள்ளாது. குப்பை மேல் சந்தேகம் என்றால் குளோரைடு, அம்மோனியா, நைட்ரேட் மூன்றையும் சேர்த்துப் பாருங்கள்.

ஓசூரிலிருந்து: ரேடார் வைத்துப் பார்க்கலாமா?

உப்பும் களிமண்ணும் ரேடார் அலையை விழுங்கிவிடும். காசு வீண்.

அரூரிலிருந்து: தேங்காய் வைத்து நீரோட்டம் பார்ப்பவர் சாற்றையும் காட்டுவாரா?

தேங்காயைச் சட்னிக்கு வையுங்கள்.

பென்னாகரத்திலிருந்து: எங்கள் போர் 600 அடி. சாறு மேலேதானே நிற்கும்?

அப்படி நம்பி இருந்துவிடாதீர்கள் தம்பி. கேசிங் பைப் பாறை தட்டும் வரைதான் இறங்கியிருக்கும். அது சரியாக உட்காரவில்லை என்றால் ஓரமாகவே சாறு இறங்கும்; பாறை வெடிப்பும் வழி விடும். அவ்வளவு ஆழத்தில் விரற்கடை அகல வெடிப்பு மேலிருந்து அளக்கும் கருவிக்குத் தெரியாது. முதலில் தண்ணீரையே சோதியுங்கள். மோட்டாரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, சுத்தமான கேனைத் தண்ணீரில் அலசி, நிரப்பி, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே ஆய்வகத்தில் கொடுத்துவிடுங்கள்.