50 வோல்ட்டா, 100 வோல்ட்டா?

கேள்வி: ஐயா, எங்கள் தோட்டத்துக் கோயில் ஆம்ப்ளியில் பவர் சப்ளை கெபாசிட்டர் இரண்டும் மண்டை உப்பிவிட்டன. 10,000 மைக்ரோஃபாரட், 63 வோல்ட். டிரான்ஸ்ஃபார்மர் 35-0-35. கடையில் 50 வோல்ட்டும் 100 வோல்ட்டும்தான் இருக்கின்றன. 100 போட்டால் பாஸ் (பாட்டின் கனத்த அடிச்சத்தம்) குறையும் என்கிறார்களே?
- வாசகர், சுங்கை சிப்புட், மலேசியா

பதில்: 50-ஐ வாங்காதீர்கள் தம்பி. கெபாசிட்டரில் போட்டிருக்கும் வோல்ட் அது தாங்கும் எல்லை. 35 என்பது ஏசி கணக்கு. டயோடு தாண்டி கெபாசிட்டரில் ஏறுவது அதன் உச்சம்: 35-ஐ 1.414-ஆல் பெருக்குங்கள், 49.5 வந்துவிடும். நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ட் என்றாலும் 253 வரை ஏற அனுமதி உண்டு. அப்போது கெபாசிட்டரில் 54-ஐத் தாண்டும். பாட்டு ஓடும்போது கொஞ்சம் இறங்கும். பாட்டில்லாமல் ஆம்ப்ளியை மட்டும் போட்டுவிட்டு எல்லோரும் அன்னதானத்துக்குப் போய்விடுவார்களே, அப்போதுதான் கெபாசிட்டருக்குக் கஷ்டகாலம்.

100 தாராளமாகப் போடலாம். பாஸ் குறையும் என்பது வெறும் கடைப்பேச்சு. இரைச்சலை அடக்குவது மைக்ரோஃபாரட், அதைக் குறைக்காதீர்கள். ஆனால் 100 வோல்ட் உருப்படி பருமனாக இருக்கும். கால் இடைவெளியும் உயரமும் பார்த்து வாங்குங்கள், மூடி இடிக்கும். தாங்கும் சூடு 105 டிகிரி என்று போட்டிருந்தால் நல்லது. சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் தகட்டின் பக்கத்தில் 85 டிகிரி சீக்கிரம் காய்ந்துவிடும்.

அப்புறம், கை வைக்குமுன் பிளக்கைக் கழற்றி, 1 கிலோ-ஓம் 5 வாட் ரெசிஸ்டரை ஒவ்வொரு கெபாசிட்டரின் கால்களுக்கும் குறுக்கே ஒரு நிமிடம் பிடித்து, வோல்ட் இறங்கிவிட்டதா என்று மீட்டரில் பாருங்கள். புதியதன் மேல் மைனஸ் காலைக் காட்டும் கோடு எந்தப் பக்கம் என்றும் சரிபார்த்தே பற்றவையுங்கள்.