பட்டத்தின் பெயர் வேறு என்று நிராகரித்தால்

கேள்வி: குடியாத்தத்திலிருந்து எழுதுகிறேன். திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் கீழுள்ள கல்லூரியில் பி.எஸ்சி. 'தாவர உயிரியல் மற்றும் தாவர உயிர்த்தொழில்நுட்பம்' முடித்திருக்கிறேன். தேர்வாணைய அறிவிக்கையில் 'தாவரவியல் பட்டம்' கேட்டிருந்தார்கள். எழுத்துத் தேர்வில் தேறிவிட்டேன். சான்றிதழ் சரிபார்ப்பில் 'உரிய கல்வித் தகுதி இல்லை' என்று நிராகரித்துவிட்டார்கள். படித்த பாடமெல்லாம் ஒன்றுதானே, வழக்குப் போடலாமா?

பதில்: போடலாம். ஆனால் 'பாடமெல்லாம் ஒன்றுதான்' என்பதை முதல் வாதமாக வைத்துக்கொண்டு போகாதீர்கள். எந்தப் பட்டம் எதற்கு இணை என்பதை வேலை கொடுக்கும் அரசுதான் முடிவு செய்யவேண்டும், அது நீதிமன்றத்தின் வேலை அல்ல என்று 2018-ல் ஜாகூர் அகமது ராத்தர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்ததும் நீட்டப்போவது அந்தத் தீர்ப்பைத்தான்.

உங்கள் வழக்கின் உயிர் ஒரு காகிதத்தில் இருக்கிறது: உயர்கல்வித் துறை வெளியிடும் இணைத்தன்மை அரசாணை, அதாவது உங்கள் பட்டம் தாவரவியல் பட்டத்துக்குச் சமம் என்று சொல்லும் ஆணை. அது இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். கிடைத்தால் மூன்று இடங்களை விரல் வைத்துப் படியுங்கள். பட்டத்தின் பெயர் உங்கள் பட்டச் சான்றிதழில் உள்ளபடியே இருக்கிறதா? 'அரசுப் பணி நியமனத்துக்கு' என்ற சொல் இருக்கிறதா? எந்தப் பல்கலைக்கழகத்தின் பட்டம் என்று போட்டிருக்கிறது? இந்த மூன்றாவதில்தான் நம் பக்கத்துப் பிள்ளைகள் மாட்டிக்கொள்கிறார்கள். 2002-ல் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் வருவதற்கு முன் வட ஆற்காட்டுக் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன. பாடம் அதேதான், வகுப்பறையும் அதேதான். ஆனாலும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பெயரில் வந்த அரசாணை உங்களுக்குத் தானாகப் பொருந்திவிடாது.

அடுத்தது தேதி. அரசாணை அறிவிக்கை தேதிக்கு முந்தையதாக இருக்கவேண்டும் என்பது தேர்வாணையத்தின் நிபந்தனை. அப்படி ஒன்று இருந்தும் நிராகரித்திருந்தால் உங்கள் வழக்கு பலமானது. பிந்தைய தேதி என்றால், 'இது புதிதாகத் தகுதி கொடுக்கவில்லை, ஏற்கெனவே இருந்ததை உறுதிதான் செய்கிறது' என்று வாதாடலாம். ஜெயிக்கும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். அரசாணையே இல்லையென்றால் இந்தத் தேர்வுக்கு வழி குறுகல்தான். அடுத்த அறிவிக்கைக்காவது உதவட்டும். பாடத்திட்டத்தை இணைத்துப் பல்கலைக்கழகப் பதிவாளர் மூலம் உயர்கல்வி மன்றத்தின் இணைத்தன்மைக் குழுவுக்கு இப்போதே விண்ணப்பியுங்கள்.

முந்தைய தேர்வுகளில் இதே பட்டத்தை ஏற்றிருக்கிறார்களா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 10 ரூபாய் கோர்ட் கட்டண வில்லை ஒட்டினால் போதும், 30 நாளில் பதில் தரவேண்டும். ஏற்றிருந்தால் பாகுபாடு என்ற வாதம் கூடுதலாகக் கிடைக்கும். ஆனால் கலந்தாய்வு தேதி நெருங்கிவிட்டால் அந்தப் பதிலுக்காகக் காத்திருக்காதீர்கள்.

நிராகரிப்பு ஆணை கையில் கிடைத்ததும் காரணத்தோடு ஆட்சேப மனு எழுதி, ஒப்புகை பெறும் வகையில் தபாலில் ஒன்று, மின்னஞ்சலில் ஒன்று அனுப்புங்கள். அசல் சான்றிதழ்களை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள்.

வேலூர் சத்துவாச்சாரி கோர்ட்டில் இதைப் போட முடியாது. அரசியலமைப்பின் 226-ஆம் பிரிவில் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடவேண்டும். வேலூர் மாவட்டத்துக்குச் சென்னைதான், மதுரைக் கிளை அல்ல. கோரிக்கையைக் கவனமாக எழுதச் சொல்லுங்கள். 'என் மனுவைப் பரிசீலிக்க உத்தரவிடுங்கள்' என்று மட்டும் கேட்டால் உத்தரவு சுலபமாகக் கிடைக்கும், சில வாரத்தில் அதே நிராகரிப்பு வேறு தாளில் வந்துசேரும். நிராகரிப்பு ஆணையை ரத்து செய்யவும், அடுத்தகட்டத்துக்கு அனுமதிக்கவும் சேர்த்துக் கேளுங்கள். இடைக்கால மனுவில், வழக்கு முடியும்வரை உங்கள் இனச்சுழற்சிப் பிரிவில் (இட ஒதுக்கீட்டு முறைப்படி உங்களுக்குரிய பிரிவில்) ஒரு பணியிடத்தை நிரப்பாமல் வைக்கும்படி கேட்பது முக்கியம். தேர்வுப் பட்டியல் வந்துவிட்டிருந்தால், உங்களால் இடம் இழக்கக்கூடியவர்களையும் எதிர்மனுதாரராகச் சேர்க்கவேண்டும். விட்டுவிட்டால் அந்த ஒரு காரணத்துக்காகவே மனு தள்ளுபடியாகலாம். ரிட் மனுவுக்குக் காலக்கெடு சட்டத்தில் இல்லை என்பது உண்மை. ஆனால் நியமன ஆணை வாங்கி வேலையில் சேர்ந்துவிட்டவரை எழுப்பிவிட நீதிபதிகள் தயங்குவார்கள்.