விசுவாசியான பிறகும் பிறர்மேல் தப்பெண்ணம் போகவில்லையே, என்ன செய்வது?

எவ்வளவு ஜெபித்தாலும் சில மக்கள்மேல் உள்ள இளக்காரம் மாறவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். இயேசுவின் சீடரான பேதுருவைப் பாருங்கள். அவர் யூதர்; அந்நாளில் யூதர்கள் பிற இனத்தார் வீட்டுக்குள் போகமாட்டார்கள். யோப்பாவில் வீட்டு மாடியில் ஜெபிக்கும்போது அவருக்குத் தரிசனம் கிடைக்கிறது. தேவன் சுத்தமாக்கினதைத் தீட்டாக எண்ணாதே என்று ஒரே காட்சி மூன்று முறை. அப்போதும் பொருள் விளங்காமல் குழம்புகிறார். ரோமப் படையின் நூற்றுக்கு அதிபதி கொர்நேலியு அனுப்பிய ஆட்களை உள்ளே அழைத்துத் தங்கவைத்து, மறுநாள் புறப்பட்டு, செசரியாவில் அந்த வீட்டு வாசலைத் தாண்டிய பிறகுதான் "தேவன் பட்சபாதமுள்ளவரல்ல" என்ற சொல் அவர் வாயில் வருகிறது (அப்போஸ்தலர் 10). ஆகவே மனம் மாறட்டும், பிறகு பழகலாம் என்று காத்திருக்காதீர்கள். போய் அவர்கள் வீட்டில் சாப்பிடுங்கள்.

நம்மவர்கள் பார்க்கும்போதும் அப்படியே நடப்பதுதான் கடினம். அந்தியோகியாவில் புறஜாதியாரோடு, அதாவது யூதரல்லாதவரோடு, பந்தியிருந்த அதே பேதுரு, எருசலேம் சபைத் தலைவர் யாக்கோபிடமிருந்து யூத ஆட்கள் வந்ததும் பயந்து விலகிக்கொண்டார். பவுல் எல்லோர் முன்பாகவும் அவரைக் கண்டித்தார் (கலாத்தியர் 2). நம் சபைகள் பலவற்றில் கல்லறைத் தோட்டத்திலும் திருமணப் பேச்சிலும் சாதி இன்னும் உட்கார்ந்திருக்கிறது. பலர் வாய்திறவாமல் இருப்பதற்கும் இதே பயம்தான் காரணம் என்று நினைக்கிறேன். உறவினர் ஒருவர் யாரையாவது இழிவாகப் பேசினால், அந்தப் பந்தியிலேயே "அப்படிச் சொல்லாதீர்கள், மாமா" என்று சொல்லிவிடுங்கள்.