மாதவிலக்குக்கு முந்தைய அவதி: ‘இயற்கை’ புரோஜெஸ்டிரோன் கைகொடுக்குமா?

கேள்வி: எனக்கு 38 வயது. கருங்கல் பக்கம் வீடு. முந்திரி ஆலையில், எங்கள் பேச்சில் அண்டி ஆபீஸில், வேலை. விடியற்காலையில் ஸ்கூட்டரில் கிளம்பிவிடுவேன். 32 நாளுக்கு ஒருமுறை மாதவிலக்கு வருகிறது. அதற்குப் பத்து நாள் முன்பே மார்பு கனத்து வலிக்கிறது, வயிறு ஊதிக்கொள்கிறது, தூக்கம் போய்விடுகிறது, பிள்ளைகளிடம் எரிந்து விழுகிறேன். விலக்கான இரண்டாம் நாளே எல்லாம் பழையபடி ஆகிவிடுகிறது. வளைகுடாவில் இருக்கும் மைனி ‘இயற்கை புரோஜெஸ்டிரோன்’ என்று எழுதிய கிரீம் ஒன்றைக் கொடுத்தனுப்பியிருக்கிறார். தடவலாமா? மாத்திரை மேலா? எந்த நாளில் தொடங்க வேண்டும்?

பதில்: குழாயைத் திருப்பிப் பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள், சகோதரி. இந்தப் பெயரில் இரண்டு வகைச் சரக்கு விற்கிறது. ஒன்றில் உண்மையிலேயே புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் இருக்கும். எத்தனை மில்லிகிராம் என்றும் போட்டிருப்பார்கள். மற்றதில் ‘காட்டு வள்ளிக்கிழங்குச் சாறு’ என்று மட்டும் இருக்கும்.

இரண்டாவது வகையானால் பேச்சை இங்கேயே முடித்துவிடலாம். பொங்கலுக்கு முன் வடசேரி சந்தையில் காச்சில் மலையாகக் குவிந்து கிடக்குமே, அதன் குடும்பத்துக் கிழங்குதான் அது. 1940களில் ரசல் மார்க்கர் என்ற அமெரிக்க வேதியியலாளர் மெக்சிகோவின் காட்டுக் கிழங்கிலிருந்து டயோஸ்ஜெனின் என்ற பொருளைப் பிரித்து, அதைப் புரோஜெஸ்டிரோனாக மாற்றிக் காட்டினார். ஆனால் மாற்றியது ஆய்வுக்கூடத்தில், பல படிகளில். அந்த வேலையைச் செய்யும் நொதி நம் உடம்பில் இல்லை. காச்சிலை அவித்து மிளகாய்ச் சம்மந்தியோடு தின்றால் வயிறு நிறையும், ஹார்மோன் சுரக்காது. கிரீமாகத் தடவினாலும் அதே கதைதான்.

முதல் வகையானாலும் நான் தடவச் சொல்லமாட்டேன். தோல் வழியே இரத்தத்துக்குள் போகும் அளவு மிகக் குறைவு, ஆளுக்கு ஆள் வேறு. இன்று எவ்வளவு போயிற்று என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

‘இயற்கை’ என்ற சொல்லையும் இங்கே பிரித்துப் பார்க்க வேண்டும். மருத்துவத்தில் அதற்கு, சினைப்பையில் சுரக்கும் அதே மூலக்கூறு என்று மட்டுமே பொருள். அதுவும் ஆலையில் செய்ததுதான். மண்டைக்காடு கொடை நெருங்கும்போது விலக்கைத் தள்ளிப்போட மருந்துக்கடையில் வாங்கி விழுங்குகிறார்களே, அது நோரெதிஸ்டிரோன். செயற்கைச் சரக்கு, வேறு மூலக்கூறு. அந்த மாத்திரையால் மனம் சோர்ந்து மார்பு வலித்தது என்று சொல்பவர்கள் உண்டு. ‘புரோஜெஸ்டிரோன்தானே, வீட்டில் மிச்சம் இருக்கிறதே’ என்று அதையே இந்த அவதிக்கும் எடுத்து விழுங்கிவிட்டு வருபவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபமே வரும்.

இனி, இயற்கையானது பலன் தருமா? இந்தச் சிகிச்சைக்கு வித்திட்டவர் இங்கிலாந்து மருத்துவர் கேதரினா டால்டன். மாதாமாதம் வந்த தன் ஒற்றைத் தலைவலி கர்ப்பகாலத்தில் காணாமல் போனதைக் கவனித்து, புரோஜெஸ்டிரோன் குறைவதுதான் காரணம் என்று முடிவு கட்டினார். 1953இல் ரேமண்ட் கிரீனுடன் சேர்ந்து இந்த அவதியைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை பேர்போனது. பிறகு வந்த சோதனைகள் அவருக்குத் துணை நிற்கவில்லை. 1985இல் ஆஸ்திரேலியாவில் நடந்த சிறிய ஆய்வொன்று வாய்வழிக் கேப்சூல் ஓரளவு உதவியதாகச் சொன்னது. 1990இல் அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வில், பிறப்புறுப்பிலோ ஆசனவாயிலோ வைக்கும் பெசரி மருந்து, வெற்றுமருந்தை, அதாவது சத்தில்லாத போலி மருந்தை, மிஞ்சவில்லை. 2001இல் எல்லா ஆய்வுகளையும் சேர்த்து எடைபோட்டபோதும் தராசு இந்தப் பக்கம் சாயவில்லை. டால்டனின் அடிப்படையே ஆட்டங்கண்டுவிட்டது: அவதிப்படும் பெண்களுக்கும் படாதவர்களுக்கும் இரத்தத்தில் ஹார்மோன் அளவு ஒன்றுபோலவே இருக்கிறது. அதே ஏற்ற இறக்கத்துக்குச் சிலருடைய மூளை அதிகமாகக் கூச்சப்படுகிறது, அவ்வளவுதான். ஆகவே இதற்காகப் புரோஜெஸ்டிரோன் இரத்தப் பரிசோதனை எழுதித்தந்தால் அந்தக் காசை மிச்சம் பிடியுங்கள்.

பிறகு ஏன் சிலருக்கு நானே எழுதித் தருகிறேன்? தூக்கத்துக்காக. கேப்சூலாக விழுங்கிய புரோஜெஸ்டிரோன் கல்லீரலைக் கடக்கும்போது அல்லோபிரெக்னனோலோன் என்ற பொருளாக மாறி மூளையை அமைதிப்படுத்துகிறது. தூக்கமின்மையே முதல் தொல்லை என்பவர்களுக்கு இது ஒத்துப்போவதைக் கண்டிருக்கிறேன். ஆனால் இதே பொருள் சிலருக்கு நேர்மாறாக எரிச்சலையும் அழுகையையும் கூட்டிவிடும். நீங்கள் எந்தப் பக்கம் என்பதை முன்கூட்டிச் சொல்ல வழியில்லை.

உங்கள் மருத்துவரும் சம்மதித்தால், நாள் கணக்கு இப்படி. சினைமுட்டை வெளியாவது அடுத்த விலக்குக்குச் சுமார் 14 நாள் முன்பு. விலக்கான முதல் நாளை 1 என்று எண்ணினால், 28 நாள் சுற்றுக்கு அது 14ஆம் நாள். உங்கள் 32 நாள் சுற்றுக்கு 18ஆம் நாள். எனவே நீங்கள் 20ஆம் நாள் வாக்கில் தொடங்கி விலக்கு வரும்வரை எடுக்கலாம். ‘எல்லாரும் 14ஆம் நாள்’ என்று தொடங்கினால் முட்டை வெளியாகும் முன்பே மருந்து உள்ளே போய்ச் சுற்றே குழம்பும். கேப்சூல் 100, 200 மில்லிகிராமில் கிடைக்கிறது. நான் இரவில் 100இல் தொடங்கி, தேவைப்பட்டால்தான் 200 ஆக்குவேன். சாப்பாட்டோடு விழுங்கினால் அதிகம் உறிஞ்சப்பட்டுத் தலைசுற்றும். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் படுக்கப்போகும்போது எடுங்கள். முதல் மூன்று நாள் விடியலில் ஸ்கூட்டர் வேண்டாம், பஸ்ஸில் போங்கள்.

இனி, மேலே சொன்ன பெசரி. இங்கிலாந்தில் நாளுக்கு 200இலிருந்து இருவேளை 400 மில்லிகிராம் வரை பயன்படுத்தினார்கள். மயக்கம் குறைவு; ஆனால் தூக்கத்துக்கென்று எடுப்பவருக்கு அதில் என்ன லாபம்? புரோஜெஸ்டிரோனை எண்ணெயில் கலந்து போடும் ஊசி இதற்குத் தேவையே இல்லை.

காரணம் தெரியாத இரத்தப்போக்கு, மார்பகப் புற்றுநோய், கல்லீரல் நோய், காலில் இரத்தம் உறைந்த வரலாறு இருப்பவர்கள் இதைத் தொடக் கூடாது. சில கேப்சூல்களில் கடலை எண்ணெய் இருக்கும். நிலக்கடலை ஒவ்வாதவர்கள் அட்டையைப் படித்துப் பாருங்கள்.

மருந்துக்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. சமையலறைச் சுவரில் தொங்கும் காலண்டரில், இரண்டு மாதம், ஒவ்வொரு இரவும் ஒரு எண் எழுதுங்கள்: தொல்லை இல்லையென்றால் 0, தாங்கமுடியாவிட்டால் 3. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண் காலண்டரையே ஆணியிலிருந்து கழற்றி, செய்தித்தாளில் சுருட்டிக் கொண்டுவந்தார். சிலிண்டர் பதிந்த தேதி, சீட்டுத் தவணை, பால் கணக்கு, இவற்றுக்கு நடுவே நீல மையில் எண்கள். விலக்குக்கு முன் மட்டும் தொல்லை என்று நம்பியிருந்தார். காலண்டரிலோ மாதம் முழுக்க 2, 2, 3. தைராய்டு பரிசோதித்தோம், குறைபாடு. அவருக்குப் புரோஜெஸ்டிரோன் கொடுத்திருந்தால் வருடக்கணக்கில் ஓடியிருக்கும். நீங்களும் தைராய்டும் ஹீமோகுளோபினும் பார்த்துவிடுங்கள்.

எண்கள் விலக்குக்கு முன் மட்டுமே ஏறி, பின் 0க்கு இறங்கினால் நோய் உறுதி. அப்போது கால்சியத்திலிருந்து தொடங்குவேன். 1998இல் வெளியான அமெரிக்க ஆய்வில் நாளுக்கு 1200 மில்லிகிராம் கால்சியம் எடுத்தவர்களுக்கு மூன்றாம் சுற்றில் தொல்லை 48 சதவீதம் குறைந்தது, வெற்றுமருந்துக்கு 30. முள்ளோடு தின்னும் நெத்தோலியும் இந்தக் கணக்கில் சேரும். கருவாட்டு உப்பின் மேல் பழி போடுவார்கள். அதற்கு வலுவான ஆதாரம் கிடையாது, மாதாமாதம் அதை விலக்கி வைத்து மனம் வாட வேண்டாம்.

எரிச்சலும் அழுகையும் குடும்பத்தையே உலுக்கும் அளவுக்குப் போனால் ஃப்ளூவாக்செட்டின், செர்ட்ராலின் போன்ற மனச்சோர்வு மருந்துகளுக்குத்தான் நல்ல ஆதாரம் இருக்கிறது. விலக்குக்கு முந்தைய இரண்டு வாரம் மட்டும் எடுத்தாலும் போதும். ‘மனநோய் மாத்திரை’ என்று கடைக்காரர் முகம் சுளிப்பார் என்பதற்காகக் கிரீம் தேடி அலையாதீர்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற நினைப்பு வந்தால் காலண்டருக்குக் காத்திராமல் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

கேப்சூல் எடுப்பதென்றால் மூன்று சுற்று. எண்கள் பாதியாவது குறையவில்லையென்றால் நிறுத்திவிடுங்கள். நாலாவது மாதம் புதிதாக எதுவும் நடக்காது. கிரீமில் உண்மை ஹார்மோன் இருந்தால் பிள்ளைகள் எட்டாத இடத்தில் வையுங்கள். தடவிய தோலிலிருந்து அவர்கள் தோலுக்கும் ஒட்டும். வெறும் கிழங்குச் சாறு என்றால் வெடித்த குதிகாலுக்குத் தடவிவிட்டு, நன்றாக இருக்கிறது என்று மைனியிடம் சொல்லிக்கொள்ளலாம்.