எதிர்வீட்டுப் பையன் உட்காருகிறான், என் மகள் சரிகிறாள்

கேள்வி: என் மகளுக்கு 7 மாதம் முடிந்துவிட்டது. 32 வாரத்திலேயே பிறந்தவள். பிறக்கும்போது 1.6 கிலோ, இப்போது 5.9 கிலோ. குப்புற விழுகிறாள், தலையை நன்றாகத் தூக்குகிறாள். ஆனால் உட்கார வைத்தால் அப்படியே முன்னால் சரிகிறாள். அவள் பிறந்த அதே வாரத்தில் நிறைமாதமாகப் பிறந்த எதிர்வீட்டுப் பையன் தானாக உட்கார்ந்து கிலுகிலுப்பை ஆட்டுகிறான். 'பிள்ளை மந்தமா இருக்கே' என்று வருகிறவர்கள் எல்லாம் சொல்கிறார்கள். கால் பலப்பட என்று நாத்தனார் வாக்கர் வாங்கி வந்திருக்கிறார். அதில் உட்கார வைக்கலாமா டாக்டர்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மன்னார்குடி

பதில்: முதலில் கணக்கைச் சரிசெய்வோம் அம்மா. 40 வாரம் வயிற்றில் இருக்க வேண்டியவள் 8 வாரம் முன்னாலேயே வந்துவிட்டாள். அந்த 8 வாரத்தை வயதிலிருந்து கழித்துவிடுங்கள். வளர்ச்சிக் கணக்கில் உங்கள் மகள் இப்போதுதான் 5 மாதத்தைத் தாண்டியிருக்கிறாள். குறைமாதப் பிள்ளைகளுக்கு 2 வயது வரை இப்படித்தான் பார்ப்போம். தடுப்பூசிக்கு மட்டும் பிறந்த தேதியே கணக்கு. 5 மாதப் பிள்ளை குப்புற விழுந்து தலை தூக்கினால் போதும், அது அதற்குரிய நேரத்தில் நடக்கிறது. எடையும் சரியாகவே ஏறியிருக்கிறது. எதிர்வீட்டுப் பையன் அவளுக்கு 2 மாதம் மூத்தவன் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

நிறைமாதத்தில் பிறந்த பிள்ளைகளே ஒன்றுபோல் வளர்வதில்லை. உலக சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய 5 நாடுகளில் நல்ல ஆரோக்கியமான பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்து, 2006இல் வெளியிட்ட கணக்கு இருக்கிறது. தானாக உட்காருவது 4 மாதத்திலிருந்து 9 மாதம் வரை எப்போது வேண்டுமானாலும் நடக்கிறது. தனியாக நடப்பது 8 மாதத்திலிருந்து பதினேழரை மாதம் வரை. நூற்றுக்கு நாலு பிள்ளைகள் முட்டி போட்டுத் தவழவே இல்லை. 'மந்தம்' என்ற அந்த ஒரு சொல்லைக் கேட்டு, இரவெல்லாம் தூங்காமல் காலையில் கண் வீங்கி வந்த தாய்மார்களை 30 வருஷமாகப் பார்க்கிறேன். தயவுசெய்து யாரும் அதைச் சொல்லாதீர்கள்.

வாக்கர் வேண்டாம். அதில் பிள்ளை நுனிக்காலால் உந்தித் தள்ளுமே தவிர, உடம்பைத் தானே தாங்கப் பழகாது. கண்மூடித் திறப்பதற்குள் வாசற்படிக்கோ அடுப்பங்கரைக்கோ போய்விடும். கொதிக்கும் ரசம் கொட்டியும் படியில் உருண்டும் வந்த குழந்தைகளுக்கு நானே மருத்துவம் பார்த்திருக்கிறேன். கனடாவில் 2004இலேயே வாக்கர் விற்பனையைத் தடை செய்துவிட்டார்கள். நாத்தனார் ஆசையாக வாங்கி வந்திருப்பார். அவர் மனம் நோகாமல், 'டாக்டர் கூடாதுன்னுட்டாங்க' என்று என்மேல் போட்டுவிடுங்கள்.

அவளுக்கு வேண்டியது தரை. விழித்திருக்கும்போது, பால் குடித்துக் கொஞ்ச நேரம் கழித்து, பாயில் குப்புறப் போடுங்கள். கைக்குச் சற்றே எட்டாத தூரத்தில் பளபளவென்று ஒரு எவர்சில்வர் டம்ளரை வையுங்கள். பக்கத்திலேயே இருங்கள். தூங்க வைப்பது மட்டும் மல்லாக்கத்தான்.

போன வாரம் என் அறையில் ஒரு குழந்தை இப்படிக் குப்புற விழுந்தது. வலது கை வயிற்றுக்கடியில் மாட்டிக்கொண்டது. முகம் சிவந்து சிணுங்கியது. பாட்டி கையை எடுத்துவிடப் போனார், நான் 'கொஞ்சம் இருங்கம்மா' என்றேன். பிள்ளை இடுப்பை ஒருமுறை அசைத்தது, இடது தோளை அழுத்தியது, அப்புறம் கையை உருவிக்கொண்டுவிட்டது. உருவிய கையோடு நிமிர்ந்து பாட்டியின் முகத்தைத் தேடியது. பாட்டி சிரித்ததும் அதுவும் வாயெல்லாம் சிரித்தது. முதுகும் தோளும் பலப்படுவது அந்த இழுபறியில்தான். உதவிக்குப் போகுமுன் மனசுக்குள் பத்து எண்ணுங்கள். ரொம்ப அழுதால் தூக்கிவிடலாம்.

அந்தச் சிரிப்பைத்தான் நான் உட்காருவதைவிட முக்கியமாகப் பார்ப்பேன். உங்கள் குரலுக்குத் திரும்புகிறாளா, முகம் பார்த்துச் சிரிக்கிறாளா? அவள் 'ங்கா' என்றால் நீங்களும் 'ங்கா' சொல்லிவிட்டு நிறுத்துங்கள், அவள் பதில் சொல்ல இடம் கொடுங்கள். செல்போன் பாட்டு இப்படிக் காத்திருக்காது. அதைக் காட்டவே வேண்டாம்.

கைகள் எப்போதும் இறுக மூடியே இருந்தால், ஒரு கையை மட்டுமே நீட்டினால், துணி மாற்றும்போது கால்கள் விறைத்துக் கத்தரிபோல் பின்னிக்கொண்டால், ஏற்கெனவே செய்த ஒன்றைச் செய்யாமல் விட்டால் மட்டும் தள்ளிப்போடாமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

கடிதத்தில் ஒன்று இல்லை. 32 வாரத்தில் பிறந்த பிள்ளைக்கு விழித்திரைப் பரிசோதனை பிறந்த 4 வாரத்துக்குள் செய்திருக்க வேண்டும். காது கேட்கும் சோதனையும் அப்படித்தான். டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துப் பாருங்கள். இரண்டில் எது விட்டுப்போயிருந்தாலும் இந்த வாரமே கண் மருத்துவரிடமும் காது மருத்துவரிடமும் போய்விடுங்கள்.